தைத்த கூடு யாருடையது? தையல்சிட்டும் சாம்பல் கதிர்க்குருவியும்

ஒரு செடியில் இரண்டு இலைகள் ஓரம் சேர்த்துத் தைக்கப்பட்டிருக்கின்றன. உள்ளே பஞ்சு மெத்தை, அதன்மேல் மூன்று முட்டைகள். இது யாருடைய கூடு என்று கேட்டால், பறவைகளைக் கொஞ்சமாவது கவனிக்கிற எவரும் உடனே "தையல்சிட்டு" என்று சொல்லிவிடுவார்கள். பல நேரம் அது சரியான பதில்தான். ஆனால் அந்த முட்டைகள் செங்கல் நிறத்தில் பளபளவென்று இருந்தால், கூட்டைத் தைத்தது தையல்சிட்டு இல்லை. அதே புதரில், அதே உயரத்தில், ஏறக்குறைய அதே உருவத்தில் திரியும் இன்னொரு பறவை. அதன் பெயர் சாம்பல் கதிர்க்குருவி.

இரண்டுமே உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். இரண்டும் வாலைத் தூக்கி வைத்துக்கொண்டு புதருக்குள் தத்தித் தத்திப் போகும். இரண்டும் இத்தனை சின்ன உடம்பிலிருந்தா இவ்வளவு சத்தம் என்று கேட்கும்படி உரக்கக் கூவும். வலசை போகிற வழக்கமும் இரண்டுக்கும் இல்லை. ஆண்டு முழுக்க இருக்கிற இடத்திலேயே இருக்கும். அதனால்தான் பறவை பார்க்கத் தொடங்குகிறவர்கள் யார் கேட்டாலும் முதலில் இந்த ஜோடியைச் சொல்வேன். மயிலையும் மரங்கொத்தியையும் யாரும் மாற்றிச் சொல்லப் போவதில்லை. நெருங்கிய உறவுள்ள, ஒன்றுபோலத் தோன்றுகிற இரண்டை எடுத்துக்கொண்டு பிரித்துப் பார்க்கும்போதுதான் கண்ணும் காதும் உண்மையில் வேலை செய்யத் தொடங்கும்.

பல ஆண்டுகள் நான் இலையில் தைத்த கூடு எதைப் பார்த்தாலும் குறிப்பேட்டில் தையல்சிட்டு என்றே எழுதி வந்தேன். ஒரு மழைக்காலத்தில் அப்படி ஒரு கூட்டுக்கு நன்றாகத் தள்ளி உட்கார்ந்து, இரை கொண்டுவரும் பறவைக்காகக் காத்திருந்தேன். சாம்பல் முதுகும் கருத்த தலையுமாக ஒன்று வந்து இலைக்குள் நுழைந்தது. வாயில் பச்சைப் புழு. அதற்கு முன்னால் எழுதிய குறிப்புகளில் எத்தனை தவறு என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அந்த வருத்தம் எனக்கு இன்னும் உண்டு. இந்தக் கட்டுரை எழுதுவதற்குக் காரணமும் அதுதான்.

பெயரும் குடும்பமும்

தையல்சிட்டின் அறிவியல் பெயர் ஆர்த்தோடோமஸ் சூட்டோரியஸ். 1769இல் தாமஸ் பென்னன்ட் என்ற ஆங்கிலேய இயற்கையியலாளர் இலங்கைப் பறவையை வைத்து அதை விவரித்தார். சூட்டோர் என்றால் லத்தீனில் செருப்புத் தைப்பவர். நமக்குத் துணி தைப்பவர் நினைவுக்கு வர, அவருக்குத் தோல் தைப்பவர் நினைவுக்கு வந்திருக்கிறார். இலையின் தடிப்பையும் அலகு குத்தும் விதத்தையும் பார்த்தால் அந்த ஒப்பீடுகூடப் பொருத்தம்தான்.

சாம்பல் கதிர்க்குருவியின் அறிவியல் பெயர் பிரினியா சோசியாலிஸ். தக்காணத்தில் பணிபுரிந்த வில்லியம் சைக்ஸ் என்ற ராணுவ அதிகாரி 1832இல் அதை விவரித்தார். பிரினியா என்பது ஜாவா தீவு மக்கள் இதன் உறவுக்காரப் பறவை ஒன்றுக்கு வைத்திருந்த பெயரிலிருந்து வந்தது. தமிழில் கதிர்க்குருவி என்கிறோம். கதிர் நிற்கும் வயலை நினைவூட்டுகிற பெயர். வயலோரத்திலும் புல்வெளியிலும் இதை நிறையப் பார்க்கலாம் என்பதும் உண்மை. ஆனால் இது தானியம் கொறிக்கிற குருவி இல்லை. வண்டு, புழு, சிலந்தி என்று பூச்சி வகைதான் இதன் உணவு. தையல்சிட்டுக்கும் அப்படியே, அதோடு பூக்களில் தேன் குடிக்கவும் வரும்.

முன்பெல்லாம் சிறிய, மங்கலான நிறமுள்ள, பூச்சி தின்னும் பாடும் பறவைகளையெல்லாம் ஒரே பெரிய குடும்பத்தில் போட்டு வைத்திருந்தார்கள். மரபணு ஆய்வுகள் வந்த பிறகு அந்த மூட்டையைப் பிரித்தார்கள். அப்படிப் பிரித்ததில் தையல்சிட்டும் கதிர்க்குருவியும் சிஸ்டிகோலிடே என்ற ஒரே குடும்பத்தில் சேர்ந்தன. ஏறக்குறைய 160 இனங்கள் கொண்ட குடும்பம். பெரும்பாலானவை ஆப்பிரிக்காவிலும் ஆசியாவின் வெப்பப் பகுதிகளிலும் வாழ்கின்றன. ஆக, நாம் ஒப்பிடப் போவது தற்செயலாக ஒன்றுபோல இருக்கும் இரண்டு அந்நியர்களை இல்லை. பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகளைப் போன்ற உறவினர்களை.

பாடும் பறவை என்ற சொல்லையும் இங்கேயே விளக்கிவிடுகிறேன். இனிமையாகக் கூவுகிற எல்லாமே பாடும் பறவை என்று நினைக்கத் தோன்றும். பறவையியலில் அது ஒரு பரம்பரையின் பெயர். உலகில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பறவை இனங்கள் இருக்கின்றன. அவற்றில் பாதிக்கு மேல் கிளையை விரல்களால் பற்றி உட்காரும் பெரிய வரிசையைச் சேர்ந்தவை. அந்த வரிசைக்குள் மிகப் பெரிய கிளைதான் பாடும் பறவைகள். காகம்கூட இதில்தான் வருகிறது, குயில் வராது. பலருக்கும் இது ஆச்சரியமாக இருக்கும்.

இவற்றின் குரல் பிறக்கும் இடம் நம்மைப் போலத் தொண்டையின் மேற்பகுதியில் இல்லை. மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரிந்து நுரையீரலுக்குள் இறங்கும் கவட்டில், மார்புக்குள் இருக்கிறது. பாடும் பறவைகளில் அந்த உறுப்பை இயக்கும் தசைகள் நுட்பமாக வளர்ந்திருக்கும். இரண்டு கிளைகளையும் தனித்தனியாகக்கூட இயக்க முடியும். பாட்டை மூத்த பறவைகளிடம் கேட்டுப் பழகிக்கொள்வது இந்தக் கிளையின் இன்னொரு குணம். குழந்தை மொழி பழகுவதைப் போல.

கண்ணுக்கு முன்னால் காது

புதிதாகத் தொடங்குகிறவர்கள் எல்லாரும் நிறத்தைத்தான் முதலில் தேடுவார்கள். இந்த இரண்டு பறவைகளுக்கும் அது சரிப்படாது. புதருக்குள் நிழலில், அரை நொடி தெரிந்து மறையும் பறவையின் முதுகு பச்சையா சாம்பலா என்று யாருக்கும் தெரியாது. இலையின் நிழல் பட்டால் சாம்பல்கூடப் பச்சையாகத் தெரியும். குரல் அப்படி ஏமாற்றாது. எனவே காதிலிருந்து தொடங்குவோம்.

தையல்சிட்டின் கூவல் அழுத்தமானது. டுவீட்-டுவீட்-டுவீட் என்றோ, சீயப்-சீயப்-சீயப் என்றோ ஒரே அசையை ஒரே வேகத்தில், நிறுத்தாமல் திரும்பத் திரும்பச் சொல்லும். ஒவ்வொரு அசையும் தனித்தனியாக, சுத்தியலால் அடித்தது போலத் தெளிவாக விழும். பறவையின் எடை 10 கிராமுக்குள்தான். ஆனால் மூடிய சன்னலைத் தாண்டி அறைக்குள் கேட்கும். அது கூவும்போது பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தால் கழுத்தைக் கவனியுங்கள். தொண்டையின் இரு பக்கமும் கறுப்புத் திட்டுகள் தோன்றி மறையும். அங்கே தோல் கருமையானது. சாதாரணமாக இறகு அதை மூடியிருக்கும். கூவும்போது தொண்டை விரிய, இறகுகள் விலகி, கறுப்பு வெளியே தெரிகிறது. சும்மா இருக்கும்போது காணாத ஓர் அடையாளம், குரலோடு சேர்ந்து வருகிறது. எனக்கு இந்தப் பறவையிடம் மிகவும் பிடித்தது இதுதான்.

கதிர்க்குருவியின் பாட்டு அதைவிட மெலிந்தது, அவசரமானது. ஜிமி-ஜிமி-ஜிமி என்று கேட்கும். சில நேரம் ட்சப்-ட்சப்-ட்சப் என்றும் கேட்கும். இதுவும் ஒரே அசையைத்தான் திரும்பச் சொல்கிறது. ஆனால் அசைகள் ஒன்றோடொன்று இழைந்து, சற்றுக் கரகரப்போடு ஓடும். பதற்றமாக இருக்கும்போது மூக்கால் பேசுவது போல டீ-டீ-டீ என்று இழுக்கும். குழந்தை சிணுங்குகிற மாதிரி இருக்கும் அந்த ஒலியை ஒருமுறை கேட்டுவிட்டால் பிறகு மறக்காது.

இன்னொரு சத்தமும் இதனிடம் உண்டு, அது தையல்சிட்டிடம் இல்லை. ஒரு புதரிலிருந்து இன்னொரு புதருக்குத் தாவிப் பறக்கும்போது, மின்கம்பியில் பொறி தட்டுவது போலப் படபடவென்று சின்ன வெடிப்பொலி கேட்கும். அது இறக்கையிலிருந்து வருகிறது என்று ஒரு கருத்து, அலகைத் தட்டுவதால் வருகிறது என்று இன்னொரு கருத்து. பறவையியலாளர்கள் இரண்டையும் எழுதியிருக்கிறார்கள். நமக்கு அடையாளம் காண அந்த விவாதம் தேவையில்லை. புதர் அசைந்து, பொறி தட்டி, ஏதோ ஒன்று தாவினால் அது கதிர்க்குருவி என்று தைரியமாக எழுதிக்கொள்ளலாம்.

இரண்டு குரலையும் முன்கூட்டியே கேட்டுப் பழக நல்ல வழி ஒன்று உண்டு. ஸீனோ-காண்டோ என்ற இணையதளம் 2005இலிருந்து உலகம் முழுக்கப் பறவை ஒலிகளைச் சேர்த்து வருகிறது. அதில் இரண்டு அறிவியல் பெயர்களையும் தேடி, ஒவ்வொன்றிலும் நாலைந்து பதிவுகளைக் கேளுங்கள். ஒரே பதிவை மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். ஒரே இனத்திலும் ஆளுக்கு ஆள் குரல் கொஞ்சம் மாறும். அப்புறம் ஒரு வேண்டுகோள். அந்தப் பதிவைப் புதருக்குப் பக்கத்தில் போய் உரக்க ஒலிக்க விடாதீர்கள். தன் எல்லைக்குள் வேறொரு ஆண் நுழைந்துவிட்டதாக நினைத்து அந்தப் பறவை இரை தேடுவதையும் குஞ்சைப் பார்ப்பதையும் விட்டுவிட்டுச் சண்டைக்கு வரும்.

வால், இடம், அதற்குப் பிறகு நிறம்

குரல் கேட்டாயிற்று, பறவையும் ஒரு கிளைக்கு வெளியே வந்துவிட்டது. இப்போது வாலைப் பாருங்கள். இரண்டுமே தூக்கித்தான் வைத்திருக்கும், ஆனால் வாலின் கட்டுமானம் வேறு. தையல்சிட்டின் வால் ஒடுக்கமானது. இனப்பெருக்கக் காலத்தில் ஆணுக்கு நடு வாலிறகுகள் மட்டும் நீண்டு, மற்றவற்றைத் தாண்டி ஊசி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். கதிர்க்குருவியின் வால் படிக்கட்டு போன்றது. நடுவில் இருக்கும் இறகு நீளம். ஓரத்துக்குப் போகப்போக நீளம் குறைந்துகொண்டே வரும். ஒவ்வோர் இறகின் நுனியும் வெளிறியிருக்கும், நுனிக்குச் சற்று உள்ளே ஒரு கறுப்புப் புள்ளி. வாலின் அடிப்பக்கத்திலிருந்து பார்த்தால் அந்தப் புள்ளிகள் படிப்படியாக அடுக்கி வைத்தது போலத் தெரியும். கதிர்க்குருவி பறக்கும்போது அந்த நீண்ட வால் தளர்ந்து ஆடும். பறப்பதே சிரமம் போல ஒரு தள்ளாட்டம் இருக்கும்.

இடமும் உதவும், ஆனால் முழுதாக நம்ப வேண்டாம். திறந்த புல்வெளி, வறண்ட முட்புதர், வயலோரம் என்றால் கதிர்க்குருவியின் பக்கம் சாயலாம். அகன்ற இலைச் செடிகள் அடர்ந்த தோட்டம், மர நிழல் என்றால் தையல்சிட்டின் பக்கம். நிறையச் செடிகளும் கொஞ்சம் புல்லும் இருக்கும் தோட்டத்தில் இரண்டுமே இருக்கும், பல நேரம் பத்தடி இடைவெளியில். பரவலிலும் ஒரு வேறுபாடு உண்டு. கதிர்க்குருவி இந்தியத் துணைக்கண்டத்தையும் இலங்கையையும் மேற்கு மியான்மரையும் தாண்டிப் போகவில்லை. தையல்சிட்டு அதையும் கடந்து தென்சீனா, இந்தோனேசியா வரை வாழ்கிறது.

சரி, நிறத்துக்கு வருவோம். நல்ல வெளிச்சத்தில், பைனாகுலருக்குள் பறவை நின்றால், இங்கே குழப்பமே இல்லை. தையல்சிட்டுக்கு நெற்றியும் உச்சியும் துருச் சிவப்பு, முதுகு இலைப் பச்சை, அடிப்பக்கம் வெளிறிய வெள்ளை. கதிர்க்குருவிக்குத் தலையும் முதுகும் அடர்ந்த சாம்பல், இறக்கையில் செம்புப் பழுப்பு, அடிப்பக்கம் இளம் ஆரஞ்சு கலந்த மஞ்சள். அலகும் வேறு. தையல்சிட்டுக்கு நீண்ட அலகு, நுனியில் மெல்ல வளைந்திருக்கும். கதிர்க்குருவிக்குக் குட்டையான கறுப்பு அலகு. கண் இரண்டுக்குமே செம்மஞ்சள் சாயலில் இருப்பதால் அதை வைத்து முடிவு செய்ய முடியாது.

இவ்வளவு தெளிவாக இருக்கும்போது ஏன் நிறத்தைக் கடைசியில் வைக்கிறேன் என்றால், பறவை நிறம் மாற்றிக்கொள்கிறது. இளம் தையல்சிட்டுக்குத் தலையில் துருச் சிவப்பு வந்திருக்காது. அந்த அடையாளத்தை மட்டும் மனப்பாடம் செய்து வைத்தவர்கள் அதைப் பார்த்துவிட்டு வேறு ஏதோ அரிய பறவை என்று துள்ளுவார்கள். கதிர்க்குருவியின் கதை இன்னும் சுவையானது. அது ஆண்டுக்கு இருமுறை இறகுகளை உதிர்த்துப் புதுப்பிக்கிறது. இளவேனிலில் ஒன்று, மழை ஓய்ந்த பின் ஒன்று. வட இந்தியாவில் வாழ்பவை இனப்பெருக்கக் காலத்தில் கருஞ்சாம்பல் தலையோடு இருக்கும். அது முடிந்ததும் மேற்பக்கம் பழுப்பு ஏறி, கண்ணுக்கு மேலே வெள்ளைப் புருவம் வந்து, வாலும் நீண்டுவிடும். தெற்கிலும் இலங்கையிலும் இருப்பவை அப்படி மாறுவதில்லை. ஆண்டு முழுக்க ஏறக்குறைய ஒரே தோற்றம்தான். அதாவது வடக்கே குளிர்காலத்தில் எடுத்த ஒரு படத்தை வைத்துக்கொண்டு தெற்கே ஒரு பறவையை அடையாளம் காணப் போனால் இரண்டும் வேறு இனம் என்றே தோன்றும். ஒரு புத்தகத்தில் ஒரே ஒரு படம் பார்த்துக் கற்றுக்கொள்வதில் இருக்கும் ஆபத்து இது.

குளிர்காலத்தில் இன்னொரு சிக்கலும் சேரும். வடக்கிலிருந்து வலசை வரும் பச்சை, பழுப்பு நிறச் சிறு குருவிகள் மரமெல்லாம் நிரம்பியிருக்கும். அவற்றைத் தையல்சிட்டு என்று எழுதிவிடுவது எளிது. அவை வாலை நிமிர்த்தித் தூக்கி வைக்காது. தலையில் துருச் சிவப்பும் இராது. இதற்கு மேல் அந்தக் குருவிகளைப் பற்றி இங்கே பேசப் போவதில்லை. அவற்றைப் பிரித்தறிவது தேர்ந்தவர்களுக்கே கடினம்.

ஊசி அலகும் பஞ்சு நூலும்

இப்போது கூட்டுக்குத் திரும்புவோம்.

தையல்சிட்டு முதலில் செய்வது இலைத் தேர்வு. பெரிய, வளையக்கூடிய, உயிரோடு காம்பில் நிற்கும் இலை வேண்டும். போதுமான அகலம் இருந்தால் ஒரே இலையின் இரு ஓரங்களையும் சேர்த்துச் சுருட்டிவிடும். இல்லையென்றால் பக்கத்து இலையையும் இழுத்துச் சேர்த்துக்கொள்ளும். பிறகு அலகால் ஓரத்தில் ஒரு துளை. துளை மிகச் சின்னது, இலை கிழியாது. கிழிந்தால் ஓரம் காய்ந்து பழுப்பாகும், கூடு இருப்பது தெரிந்துவிடும். அந்தத் துளை வழியாகப் பஞ்சு, நார், சிலந்தி நூல் இவற்றில் ஏதோ ஒன்றை நுழைத்து எதிர் ஓரத்துத் துளையில் வெளியே இழுக்கிறது.

இங்கேதான் ஒரு கேள்வி வரும். முடிச்சுப் போடத் தெரியாத பறவை, நூல் உருவி வராமல் எப்படி நிறுத்துகிறது? பஞ்சின் குணம்தான் பதில். துளைக்கு வெளியே வந்த நுனி பிரிந்து உப்பிக்கொள்கிறது. அந்த உப்பல் துளையை விடப் பெரிது, திரும்ப உள்ளே போகாது. இரும்புத் தகடுகளை இணைக்க ஆணியை நுழைத்துத் தலையைத் தட்டிப் பரப்புவார்களே, அந்தத் தத்துவம். பெரும்பாலும் ஒரே நீள நூலால் தொடர்ந்து தைப்பதில்லை. ஒவ்வொரு தையலும் தனி. ஒன்று அறுந்தாலும் மற்றவை தாங்கும். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துபோகும். 10 கிராம் எடையில்லாத ஓர் உயிர், ஊசியும் இல்லாமல், கையும் இல்லாமல் இந்த வேலையைச் செய்கிறது.

பை தயாரானதும் அதற்குள் உண்மையான கூட்டைக் கட்டும். ஆழமான கிண்ணம், உள்ளே பஞ்சும் மெல்லிய நாரும். இலையின் மேற்புறம் வெளிப்பக்கமாக இருக்கும்படி வளைப்பதால், சுற்றியுள்ள மற்ற இலைகளிலிருந்து அதை வேறுபடுத்திப் பார்க்க முடியாது. காம்பு உயிரோடு இருப்பதால் பச்சை மாறுவதில்லை. மழை பெய்தால் இலையே கூரை.

கதிர்க்குருவிக்கும் இந்த வித்தை தெரியும் என்பதுதான் பலருக்குத் தெரியாத செய்தி. ஆனால் அது எப்போதும் தைப்பதில்லை. அகன்ற இலைகள் கிடைக்கும் இடத்தில் பல இலைகளைச் சேர்த்துத் தைத்து உள்ளே மயிர் போன்ற மெல்லிய பொருளைப் பரப்பும். புல்வெளியில் இருந்தால் புல்லையே பின்னி, பக்கவாட்டில் வாசல் வைத்து, நீள்வட்டமான சுருக்குப்பை மாதிரி ஒன்றைக் கட்டும். சில நேரம் மிக லேசான புல்கூடு ஒன்றோடு முடித்துக்கொள்ளும். கூடு பெரும்பாலும் புதரின் தாழ்ந்த பகுதியில்தான் இருக்கும். தையல்சிட்டு ஒரே முறையை முழுமையாக்கிய கைவினைஞர் என்றால், கதிர்க்குருவி கிடைத்ததை வைத்து வேலையை முடிக்கிறவர். இரண்டில் எது மேல் என்று நான் சொல்ல மாட்டேன். இலை இல்லாத வெட்டவெளியிலும் குஞ்சு பொரிக்க முடிகிறது என்றால் அந்த நெகிழ்வுதான் காரணம்.

தைக்கும் பழக்கம் இந்த இரண்டோடும் நிற்கவில்லை. இதே குடும்பத்தில் புல்வெளிகளில் வாழும் பொன்தலைச் சிறு குருவி ஒன்று உண்டு. அதுவும் உயிருள்ள இலைகளைச் சிலந்தி நூலால் இணைத்துக் கூடு கட்டுகிறது. இன்னொரு உறவினர் புல் தாள்களைச் சிலந்தி நூலால் பிணைத்துக் கட்டுகிறது. ஆகவே தையல் என்பது ஒரு தனிப் பறவையின் கண்டுபிடிப்பு என்பதைவிட, ஒரு குடும்பம் முழுக்க ஏற்ற இறக்கத்தோடு ஓடுகிற திறமை என்று பார்ப்பதே சரி. அதில் மிகவும் தேர்ந்த கை தையல்சிட்டுடையது. பெயரும் அதற்கே போயிற்று.

அப்படியானால் தைத்த கூட்டை மட்டும் பார்த்து யாருடையது என்று சொல்ல முடியுமா? முட்டை தெரிந்தால் முடியும். தையல்சிட்டின் முட்டை வெளிறிய நீலமோ வெளிறிய செம்மையோ கலந்த வெள்ளை, அதன்மேல் செம்பழுப்புப் புள்ளிகள். கதிர்க்குருவியின் முட்டை முழுக்கச் செங்கல் சிவப்பு, மெருகு போட்டது போன்ற பளபளப்பு; அகன்ற முனையில் நிறம் இன்னும் அடர்ந்து வளையமாகவோ தொப்பியாகவோ இருக்கும். தையல்சிட்டு பெரும்பாலும் மூன்று இடும், கதிர்க்குருவி மூன்றிலிருந்து ஐந்து வரை. இரண்டுக்கும் ஏறக்குறைய 12 நாளில் குஞ்சு பொரியும். இரண்டின் கூட்டையும் தேடிவந்து தன் முட்டையை இட்டுவிட்டுப் போகும் சிறிய குயில் வகைகளும் உண்டு. அப்போது தன்னைவிடப் பெரிதாக வளர்ந்த ஒரு குஞ்சுக்கு இந்தச் சின்னப் பறவை இரை ஊட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்க நேரும்.

இத்தனை சொன்ன பிறகு, முட்டையைப் பார்க்கப் போகாதீர்கள் என்றும் சொல்ல வேண்டும். மெய்யாகவே சொல்கிறேன். இலையை விலக்கினால் தையல் விடும். நீங்கள் நின்ற இடத்தைக் காகமும் பூனையும் கவனிக்கும். கதிர்க்குருவி, ஆபத்து நெருங்கினால் அடிபட்டது போலத் தரையில் தடுமாறி நடித்து, கூட்டிலிருந்து கவனத்தைத் திருப்பப் பார்க்கும். உங்கள் காலடியில் ஒரு பறவை அப்படி நடந்துகொண்டால், நீங்கள் ஏற்கெனவே மிக அருகில் போய்விட்டீர்கள் என்று அர்த்தம். வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

கூட்டுக்குச் சொந்தக்காரர் யார் என்று அறிய, தள்ளி உட்கார்ந்து காத்திருப்பதே போதும். இரண்டு இனங்களிலும் தாய் தந்தை இருவரும் குஞ்சுக்கு இரை கொண்டுவருவார்கள். குஞ்சு பொரித்த பிறகு சில நிமிடத்துக்கு ஒருமுறை யாராவது ஒருவர் வந்து போவார். நாற்காலியைப் போட்டு அரை மணி நேரம் உட்கார்ந்தால் முதுகு பச்சையா சாம்பலா என்று பலமுறை தெரிந்துவிடும். காலை நேரம் நல்லது. கையில் ஒரு தாளை வைத்துக்கொண்டு நான் சொன்ன வரிசையிலேயே எழுதுங்கள்: கேட்டது, வாலும் நடையும், இடம், அப்புறம் நிறம். நிறம் தெரியவில்லை என்றால் அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிடுங்கள். ஊகித்து நிரப்பிய குறிப்பு பிறகு யாருக்கும் பயன்படாது. இதை நான் அனுபவத்தில் சொல்கிறேன்.

குஞ்சுகள் பறந்த பிறகு தையல்சிட்டின் இலை இன்னும் கொஞ்ச நாள் காம்பில் நிற்கும். கதிர்க்குருவியின் பழைய கூடு அவ்வளவு நாள் இருப்பதில்லை. அடுத்த கூட்டுக்கு வேண்டிய பொருளைப் பழையதிலிருந்தே அது உருவிக்கொண்டு போவதுண்டு. தையல்சிட்டின் இலை கடைசியில் காய்ந்து தானாகவே உதிரும். அது கீழே விழுந்து கிடந்தால் தாராளமாக எடுத்துப் பாருங்கள், இனி யாருக்கும் தொல்லை இல்லை. ஓரத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் துளைகள் வரிசையாகத் தெரியும். ஒவ்வொரு துளையின் வாயிலும் மிளகளவுகூட இல்லாத ஒரு பஞ்சு உருண்டை இன்னும் அடைத்துக்கொண்டிருக்கும்.